மூன்றாவது கியர்

சாவியை ஒரு பல் திருப்பினால் பாடும்.
அடுத்த பல்லில் இன்ஜின் உறுமியதும்
ரேடியோவுக்குள் கொசு புகுந்துவிடும்.
மிதிக்க மிதிக்கக் கொசு வண்டாகும்,
நாற்பதைத் தொட்டால்
மரம் அறுக்கிற மில்.

பின் சீட்டில் வலைப்பை வலைப்பையாய்ப் பட்டுக்கூடு.
தருமபுரி ஏலத்துக்கு ஏழு மணிக்குள் சேர வேண்டும்.
ராயக்கோட்டையில் கன்னடம் ஏறிக்கொள்ளும்.
ஒருத்தி வெங்காயத்தைப் பற்றியோ கல்யாணத்தைப் பற்றியோ
சிரித்துக்கொண்டே சொல்லிக்கொண்டு வருவாள்.
ஒரு வளைவில் தெலுங்கு அவளைத் தள்ளிவிட்டு உட்காரும்.
மாரண்டஹள்ளி நெருங்கினால்தான்
நம் ஊர் வாய் திறக்கும்,
அதுவும் சளி பிடித்த குரலில்:
"இன்று பிற்பகல் இடியுடன் கூடிய..."

கூடிய என்ன?
காற்றா, மழையா?
தழையை இப்போதே அறுத்து வைக்கச் சொல்லவா?
ஈரத் தழை தின்றால் புழுவுக்குக் கழியும்.
போன ஆடியில் ஒரு கொட்டகைப் புழுவை
கூடையில் அள்ளிக் குழியில் கொட்டினேன்.
அன்றைக்கும் இந்த வாக்கியம் இங்கேதான் அறுந்தது.

கேட்டவர்கள் எல்லாரும் வைத்தியர்கள்.
கம்பியை நீட்டிப் பாருங்க என்றான்
தக்காளி வேன் மாதேசன்.
நீட்டினேன். புளியங்கிளை பாதியை வாங்கிக்கொண்டது.
செட்டையே மாத்து என்றார் கொழுந்தனார்.
மாற்றினேன்.
புது செட், புளூடூத், நீல விளக்கு,
அதே கொசு.

பாலக்கோட்டு முக்தியார்
ரேடியோவைத் தொடவே இல்லை.
"மிதிங்க."
"விடுங்க."
"லைட்டைப் போடுங்க. அணைங்க."
நாடி பார்ப்பவர் மாதிரி தலையைச் சாய்த்து நின்றார்.
அப்புறம் செட்டுக்குப் பின்னால் கைவிட்டு
ஏரியல் ஒயரை உருவினார்.
கொசு செத்தது.
"பேட்டரி வழியா வரலீங்க. இது வழியா வருது.
எலி எந்த ஓட்டைன்னு தெரிஞ்சாப் போதும்."

ஏரியலின் அடித்தட்டைக் கழற்றினால்
ரப்பருக்குக் கீழே துரு, எறும்பு மண்,
எனக்கு முன்னால் இதை ஓட்டிய யாரோ
அழகுக்குப் பூசிய பச்சை பெயின்ட்.
"தகரத்தைத் தொடவே இல்ல பாருங்க,
தொட்ட மாதிரி உக்காந்திருக்கு."
உப்புத்தாளில் தேய்த்தார், வெள்ளி தெரியும்வரை.
மீட்டரின் இரண்டு கம்பியையும் வைத்தார்.
பீப் என்றது.
கொஞ்சம் வாசலைன்.
நூற்றெழுபது ரூபாய், டீ அவர் கணக்கு.

மறுநாள் வாக்கியம் முழுசாக வந்தது.
"இடியுடன் கூடிய மழை ஓரிரு இடங்களில் பெய்யக்கூடும்."
அந்த ஓரிரு இடங்கள் எவை என்பதை
எந்த முக்தியாராலும் சரிசெய்ய முடியாது.

சிரித்துக்கொண்டே மேடு ஏறினேன்.
வண்டி இருமியது, உதறியது,
ரயில்வே கேட்டுக்கு முன்னால் நின்றுவிட்டது.
பின்னால் கிரானைட் லாரி ஹாரனை எடுக்கவே இல்லை.
ரேடியோ மட்டும் சொட்டு நீர்ப் பாசனத்தைப் பற்றி
அவ்வளவு தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தது.

பழைய எண்ணூறில் சுற்று காட்டும் முள் கிடையாது.
சீழ்க்கை இந்த உயரத்துக்கு வந்தால் மூன்றாவது,
அந்த உயரத்திலிருந்து இறங்கினால் இரண்டாவது.
ஆறு வருடமாக என் கால்
கொசுவைக் கேட்டுத்தான் ஓட்டியிருக்கிறது,
எனக்குச் சொல்லாமல்.

திரும்ப முக்தியாரிடம் போய்
கொஞ்சம் துரு வையுங்கள் என்றா கேட்பது?

இப்போதெல்லாம் மேட்டுக்கு முன்னால் ரேடியோவை அணைத்துவிடுகிறேன்.
இன்ஜின் கேட்கிறது, பரவாயில்லை, பழகுகிறேன்.
அதற்கும் பின்னால், ஒவ்வொரு பள்ளத்திலும்,
காய்ந்த பட்டாணி உருள்வதுபோல்
கூட்டுக்குள் புழுக்கள் குலுங்குவதும் கேட்கிறது.
குலுங்குபவைதான் நல்ல கூடு.

இதில் எத்தனை குலுங்கவில்லை என்பது மட்டும்
ஏலக்காரன் கையில் எடுக்கும்வரை கேட்பதில்லை.